தெருவுக்குப் பூட்டுப் போட இவர்கள் யார்?

2024 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துப் போலீசார் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள். வீட்டு வாசலுக்கு எதிரே, பொதுத் தெருவில், தாங்களாகவே 'நோ பார்க்கிங்' பலகை வைப்பதும், மணல் மூட்டை, பூந்தொட்டி, தடுப்பு முதலியவற்றைப் போட்டு இடத்தை வளைத்துக்கொள்வதும் கூடாது; எடுக்காவிட்டால் நடவடிக்கை வரும் என்பது அதன் சாரம்.

இந்த அறிவிப்பு குடிசைக்காரருக்குச் சொல்லப்பட்டதல்ல. தள்ளுவண்டிக்காரருக்கும் அல்ல. பூந்தொட்டி வைத்து ரோட்டைப் பிடிக்கிறவர் யார்? வீடும் வாசலும் காரும் உள்ளவர். "ஆக்கிரமிப்பு" என்ற சொல்லைக் கேட்டால் ஓலைக் குடிசையும் மீன்கூடையும்தான் கண்முன் வரவேண்டும் என்று எத்தனையோ வருஷமாக நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். மாடி வீட்டுக்காரரும் ஆக்கிரமிப்பாளராக இருக்க முடியும் என்பதைச் சர்க்கார் இலாகாவே எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டது. அந்த மட்டுக்கும் சந்தோஷம்.

ஆனால் விஷயம் பூந்தொட்டியோடு நின்றுவிடவில்லை, தோழர்களே! பூந்தொட்டி வெறும் ஆரம்பம்தான்.

கோவை மில் தொழிலாளிக்கும், தஞ்சை வயலில் நாற்று நடுகிறவருக்கும் மயிலாப்பூர்த் தெருவில் என்ன ஜோலி என்று கேட்கலாம். ஜோலி இருக்கிறது. மில் மூடினால், காவிரியில் தண்ணீர் வராவிட்டால், நம் ஜனங்கள் பட்டணத்துக்குத்தான் ரயிலேறுகிறார்கள். அடையாறிலே கல்லும் கலவையும் சுமந்து மாடி மேல் மாடி எழுப்பியது அவர்கள் தோள். அந்த மாடி வீட்டில் பாத்திரம் தேய்ப்பது நம் சகோதரி. ராத்திரி முழுக்க வாசலில் விழித்திருக்கும் வாட்ச்மேன், நேற்று வரை ஸ்பின்னிங்கில் நின்ற தொழிலாளி. தெருவுக்குக் கேட் போட்டால் அந்தக் கேட் மூடுவது நம் முகத்தின் மேல்தான்.

முதலில் தொட்டி, பிறகு சங்கிலி, பிறகு கேட்

இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். முதலில் ஒரு வீட்டுக்காரர் தம் வாசலுக்கு எதிரே இரண்டு தொட்டி வைக்கிறார். "என் காருக்கு இடம்" என்கிறார். அடுத்த வீட்டுக்காரர் கருங்கல் வைக்கிறார். மூன்றாமவர் இரும்புக் குழாய் நட்டுச் சங்கிலி மாட்டுகிறார். தெரு முழுக்க இப்படி ஆனதும் ஒரு சங்கம் பிறக்கிறது. சங்கம் கூடித் தெருமுனையில் கேட் போடுகிறது. கேட்டுக்கு ஒரு வாட்ச்மேன். வாட்ச்மேன் கையில் ஒரு நோட்டு. கீரைக்காரம்மா வந்தால் பெயர் எழுத வேண்டும். செல்போனில் ஆர்டர் எடுத்துச் சாப்பாடு கொண்டுவரும் பையன் வந்தால் வண்டியை வெளியே விட்டுவிட்டு வெயிலில் நடக்க வேண்டும். ஆட்டோ வந்தால் எண்ணைக் குறிக்க வேண்டும். சொகுசுக் கார் வந்தால்? கேட் தானாகத் திறக்கிறது, சல்யூட்டும் விழுகிறது.

"தினம் வர்றவதானே நான், தெரியாதா தம்பி?" என்று கூடைக்காரி கேட்டால், "தெரியும் அக்கா. ஆனா சங்கத்து உத்தரவு, நான் என்ன பண்றது?" என்கிறார் வாட்ச்மேன். ஏழையைக் கொண்டே ஏழையை நிறுத்துகிறார்கள். அந்த வாட்ச்மேன் பன்னிரண்டு மணி நேரம் நின்று வாங்கும் கூலி என்ன, அவர் உட்கார நாற்காலி உண்டா, ஒதுங்கக் கக்கூஸ் உண்டா என்று அந்த நோட்டில் ஒரு வரி கிடையாது.

தெருவைப் போட்டது யார் பணம்?

தியாகராய நகரை எடுத்துக்கொள்வோம். 1920களில் மாம்பலத்து ஏரியைத் தூர்த்து, சர்க்கார் திட்டமாக உருவாக்கிய நகர் அது. நீதிக் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரை அதற்கு வைத்தார்கள். அப்போது முதல் மந்திரியாக இருந்த பனகல் ராஜா பெயரைப் பூங்காவுக்கு வைத்தார்கள். ஏரியைத் தூர்க்க மண் சுமந்தது கூலி ஜனங்கள். அடையாறு காந்தி நகர் 1940களின் பிற்பகுதியில் கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்தின் மூலம் பிறந்தது. பெசன்ட் நகர், சாஸ்திரி நகர், இந்திரா நகர் இவையெல்லாம் 1961ல் ஏற்பட்ட வீட்டு வசதி வாரியம் பிரித்துக் கொடுத்த மனைகள். இந்தத் தெருக்களில் எந்தத் தெருவை எந்தச் சீமான் தன் கைப்பணத்தில் போட்டார்? ஒன்றையும் இல்லை.

தனியார் கம்பெனி மனை பிரித்தாலும் நிலைமை இதுதான். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் உள்ள ரோடுகளைத் தான பத்திரம் எழுதிப் பதிவு செய்து ஸ்தல ஸ்தாபனத்துக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. பெரிய மனைப்பிரிவாக இருந்தால் ரோடு போக மிச்ச நிலத்தில் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் திறந்தவெளியாகவும் விட வேண்டும். 2019ல் வந்த கட்டிட விதிகளும் இதையேதான் சொல்கின்றன. தானம் கொடுத்த பிறகு ரோடு ஊருடையது. பொதுத் தெருக்கள் மாநகராட்சியைச் சேர்ந்தவை என்பது 1919ஆம் வருஷத்துச் சென்னை மாநகராட்சிச் சட்டம் வகுத்த வழி. 2023 ஏப்ரல் முதல் அதன் இடத்தில் வேறு சட்டம் வந்திருக்கிறது. ஆனால் தெருவைத் தூக்கி வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடவில்லை.

அப்படியானால் இந்தச் சங்கங்களுக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலானவை 1975ஆம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவான சங்கங்கள். அதே சட்டத்தின் கீழ்தான் நமது கிராமத்துப் படிப்பகமும், வாலிபர் நாடக மன்றமும் பதிவாகின்றன. நாளைக்கு நம்மூர்ப் படிப்பகம் ஜில்லா போர்டு ரோட்டுக்குக் கேட் போட்டு, பண்ணையார் காரை நிறுத்தி, "பெயர் எழுதுங்கள்" என்று சொன்னால் போலீஸ் சும்மா இருக்குமா? படிப்பகத்துக்கு இல்லாத அதிகாரம் சீமான்கள் சங்கத்துக்கு மட்டும் எந்த வழியில் வந்தது?

நேர்மையாக ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுவோம். ஒரே மதில் சுவருக்குள் பல மாடிக் குடியிருப்பு கட்டி, உள்ளே இருக்கும் பாதையைத் தானமாகக் கொடுக்காமல் தாங்களே பராமரித்தால், அது அவர்களுடைய கூட்டுச் சொத்து. அங்கே கேட் இருப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அங்கேயும் நியாயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலியிட கார் நிறுத்தத்தைக் கட்டிடக் கம்பெனி தனித்தனியாக விற்றுக் காசு பார்க்கிறது. மும்பைப் பக்கத்து வழக்கு ஒன்றில் 2010ல் சுப்ரீம் கோர்ட், தரைத்தளத்துக் கார் நிறுத்துமிடத்தைத் தனிச் சொத்தாக விற்கக் கம்பெனிக்கு உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. 2016ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் திறந்தவெளிக் கார் நிறுத்தத்தைப் பொது இடம் என்றே வரையறுத்திருக்கிறது. அப்படியும் விற்பனை நிற்கவில்லை. பொதுவைத் தனதாக்குவது இவர்களுக்கு ஒரு வியாதி: உள்ளே பக்கத்து வீட்டுக்காரனின் பங்கை விழுங்குகிறவர்கள், வெளியே ஊரார் தெருவையும் விழுங்குகிறார்கள்.

ஓட்டுரிமையைப் பாருங்கள். சங்கத்தில் குரல் வீட்டுச் சொந்தக்காரருக்கு மட்டுமே. மாசா மாசம் வாடகை கொட்டுகிற குடித்தனக்காரருக்கு இல்லை. அந்த இடத்தைத் துடைத்துப் பெருக்குகிற தொழிலாளிக்குக் கேட்கவே வேண்டாம். சொத்து உள்ளவனுக்குத்தான் ஓட்டு என்பது வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. 1950ல் அரசியல் சட்டம் அதைக் குழிதோண்டிப் புதைத்தது. அந்தப் பிணத்தைத் தோண்டி எடுத்துத் தெருமுனைக் கேட்டில் காவல் வைத்திருக்கிறார்கள்.

ஒரு காருக்கு 134 சதுர அடி

கணக்கில் இறங்குவோம். சென்னை விதிப்படி ஒரு கார் நிற்க ஒதுக்கும் இடம் இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர். அதாவது சுமார் 134 சதுர அடி. மூன்று கார் நிற்கும் இடம் 400 சதுர அடி. பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி கட்டி ஏழைக் குடும்பங்களை ஏற்றினார்களே, அங்கே ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த வீடு ஏறக்குறைய இந்த அளவுதான். புருஷன், பெண்சாதி, பிள்ளைகள், கிழவி, சமையல், படுக்கை எல்லாம் அதற்குள்ளே! ஒரு மாளிகைக்கு மூன்று கார். மூன்றும் ராப்பகலாகத் தெருவில். ஒரு குடும்பம் குடித்தனம் நடத்தும் இடத்தைத் தூங்குகிற தகரத்துக்கு வாடகை இல்லாமல் விட்டிருக்கிறோம்.

தியாகராயா ரோட்டில் மாநகராட்சி ஏறக்குறைய 40 கோடி ரூபாய் செலவில் பல அடுக்குக் கார் நிறுத்தம் கட்டியது. 222 காரும் 513 இரு சக்கர வண்டியும் நிற்கலாம். ஜனங்கள் பணத்தில் இவர்களுக்குக் கட்டடமும் கட்டியாயிற்று. இருந்தும் சுற்றுத் தெருக்களில் ஓரம் காலியாயிற்றா? இல்லை. தெரு இனாமாகக் கிடைக்கும்போது காசு கொடுத்து மாடி ஏற்றுவானேன் என்கிறார்கள்.

ஜப்பான் ஒன்றும் சோஷலிஸ்ட் தேசம் அல்ல, முதலாளித்துவ தேசம்தான். அங்கே 1962லேயே ஒரு சட்டம் போட்டார்கள்: கார் வைத்துக்கொள்ள வேண்டுமானால், தெருவைத் தவிர வேறு இடத்தில் அதை நிறுத்த உனக்கு வசதி உண்டு என்று ரூபித்தாக வேண்டும். இங்கேயோ கார் விற்கிறவனுக்கு லாபம், வாங்குகிறவனுக்கு டம்பம், நிறுத்த இடம் கொடுப்பது ஊர்! நடக்கிறவன் நடைபாதை இல்லாமல் பஸ் சக்கரத்துக்குப் பக்கத்தில் நடக்கிறான்.

தொட்டிக்கு நோட்டீஸ், கூடைக்கு புல்டோசர்

இப்போது இதன் மறுபக்கத்தைப் பாருங்கள். சாந்தோம் கடற்கரையில் நொச்சிக்குப்பம், டுமீல்குப்பம் முதலான மீனவர் குப்பங்கள். அவற்றின் நடுவே லூப் ரோடு. படகு நிறுத்தவும், வலை உலர்த்தவும், மீன் விற்கவும் தலைமுறை தலைமுறையாக மீனவர் புழங்கிய மணலில்தான் அந்த ரோடு வந்தது. 2023 ஏப்ரலில் ரோட்டோர மீன்கடைகளால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று ஹைகோர்ட் தானாகவே விஷயத்தை எடுத்து, அகற்ற உத்தரவிட்டது. மாநகராட்சி இயந்திரங்கள் வந்து இறங்கின. மீன் விற்கும் தாய்மார்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள், போராடினார்கள். மார்க்கெட் கட்டடம் திறந்தது எப்போது? 2024 ஆகஸ்டில்! இடித்தது முதலில், கட்டித் திறந்தது ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்து.

அதற்கு முந்திய வருஷம், 2022 மே மாதம். ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகர். பக்கிங்காம் கால்வாய்க் கரையில் இருந்த 259 வீடுகளை இடிக்கக் கோர்ட்டு உத்தரவோடு வந்தார்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சைக் காலம் என்று ஜனங்கள் கதறினார்கள். ஒரு முதியவர் தம் உடம்புக்குத் தீ வைத்துக்கொண்டு உயிரை விட்டார். அந்தச் சாவுக்குப் பிறகுதான் பக்கத்திலேயே வீடு கொடுப்பதைப் பற்றிச் சர்க்கார் வாய் திறந்தது.

பாண்டி பஜார் நடைபாதைக் கடைக்காரர்களையும் 2013ல் ஒரு கட்டடத்துக்குள் அனுப்பினார்கள். "நடக்க இடம் வேண்டும்" என்றார்கள். சரி, வேண்டியதுதான். ஆனால் நடக்க இடம் வேண்டும் என்ற அதே சட்டம், அதே மயிலாப்பூரில், அதே அடையாறில், நடைபாதைக்கு மேலே சரிவுப் பாலம் கட்டிக் காரை ஏற்றும் மாளிகைக்காரரிடம் ஏன் போவதில்லை? ஏழைக்கு முன் புல்டோசர், பிறகு மாற்று இடம். பணக்காரருக்கு முன் நோட்டீஸ், பிறகு வாய்தா, அதற்கும் பிறகு சமாதானப் பேச்சு. இரண்டுக்கும் பெயர் 'சட்டத்தின் ஆட்சி'!

இது புதுப் பழக்கமல்ல

"இந்தத் தெருவில் நீ வராதே" என்பது நம் நாட்டுக்குப் புதிய வார்த்தையா? வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய ரோட்டில் தாழ்த்தப்பட்டோர் நடக்கக் கூடாது என்றார்கள்; 1924, 1925 இரு வருஷமும் ஜனங்கள் போராடினார்கள்; பெரியார் சிறை சென்றார். அதே 1924ல் சென்னைச் சட்டசபையில் ரெட்டமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுச் சாலையில், பொதுத் தெருவில், பொதுக் கிணற்றில் எந்த ஜாதியாருக்கும் தடை கூடாது என்று. அது சர்க்கார் உத்தரவாகவும் வந்தது. நூறு வருஷம் ஆயிற்று! மதுரை ஜில்லா உத்தப்புரத்தில் தலித் மக்கள் பாதையை மறித்து நின்ற சுவரில் 2008 மே மாதம்தான் வழி திறந்தது. அதுவும் தானாகத் திறக்கவில்லை. போராடிய பிறகு திறந்தது.

அன்று "தீட்டு" என்றார்கள். இன்று அதே ஆள் "செக்யூரிட்டி" என்கிறார். அன்று செருப்பைக் கழற்றிக் கையில் எடு என்றார்கள். இன்று அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டு, வேலைக்காரர் லிப்டில் மட்டும் ஏறு என்கிறார்கள். பாஷை மாறியிருக்கிறது; பார்வை மாறவில்லை.

சீமைக் கதையும் கேளுங்கள். லண்டனில் பிரபுக்கள் தங்கள் பேட்டைத் தெருக்களுக்குக் கேட் போட்டு, சேவகரை நிறுத்தி, சரக்கு வண்டியையும் சாமானியரையும் தடுத்து வந்தார்கள். பெட்போர்டு பிரபுவின் பேட்டை இதில் பேர் போனது. ரயில் நிலையம் போக ஜனங்கள் ஊரைச் சுற்றினார்கள். கூச்சல் கிளம்பியது. 1890லும் 1893லும் சட்டம் போட்டு அந்தக் கேட்களைப் பெயர்த்தெடுத்தார்கள். ராஜாவும் பிரபுவும் உள்ள நாட்டிலேயே 130 வருஷத்துக்கு முன் முடிந்த காரியம் இது!

அமெரிக்காவில் செயின்ட் லூயி என்ற நகரம். பணக்காரர்கள் தங்களுக்கென்று தனித் தெரு வைத்துக்கொள்வதில் பழைய பேட்டை. அங்கே ஒரு தெருவின் வீட்டுக்காரர்கள் 1911ல் கூடிப் பத்திரம் எழுதினார்கள்: கறுப்பு நிறத்தார் இங்கே குடியேறக் கூடாது என்று. ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் வீடு வாங்கி வழக்காடி, அப்படிப்பட்ட பத்திரத்தைக் கோர்ட்டுகள் அமல் செய்யக் கூடாது என்று 1948ல் சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பு வாங்கியது. ஆனால் தனித் தெரு ஒழியவில்லை. 2020 ஜூனில் அதே நகரத்துத் தனித் தெரு ஒன்றின் வழியே ஊர்வலம் சென்றவர்களுக்கு எதிரே வீட்டுக்காரத் தம்பதியர் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்தார்கள். கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். கவர்னர் மன்னித்து அனுப்பினார். பூந்தொட்டியில் ஆரம்பிக்கும் பாதை எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

அவர்கள் சொல்லும் சாக்கு

"திருட்டுப் பயம்" என்கிறார்கள். திருடனைப் பிடிக்கப் போலீஸ் இருக்கிறது. வாசலுக்குப் பூட்டு இருக்கிறது. தெருவிளக்கு எரிந்தால் பாதிப் பயம் போய்விடும். தெருவில் நடக்கிற ஒவ்வொரு உழைப்பாளியும் திருடன் என்று வைத்துக் கேட்டை மூடுவது பாதுகாப்பல்ல, அவமதிப்பு.

"நாங்கள் வரி கட்டுகிறோம்" என்கிறார்கள். கட்டாதவர் யார்? சோப்புக்கு வரி, செருப்புக்கு வரி, மொபெட்டுக்கு ஊற்றுகிற பெட்ரோலில் மத்திய சர்க்காருக்கும் ராஜ்ய சர்க்காருக்கும் வரி. கூலிக்காரன் கட்டிய அந்த வரியும் ரோட்டில் தாராக உருகிக் கிடக்கிறது.

"வெளியூர்க் காரெல்லாம் எங்கள் வாசலில் வந்து நிற்கிறதே, நாங்கள் எப்படி வெளியே போவது?" என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. பங்குனி உற்சவத்தில் மயிலாப்பூரும், தீபாவளியில் தியாகராய நகரும் படும் பாடு நமக்குத் தெரியும். பென்ஷன் வாங்கும் கிழவர் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல் தவிப்பதும் உண்டு. அதற்கு மருந்து என்ன? பஸ் அதிகம் விடு. நிறுத்தத்துக்கு இடம் குறி. மீறினால் அபராதம் போடு. இது மாநகராட்சியின் வேலை. ஒரு தெருவுக்குக் கேட் போட்டால் கார் மாயமாக மறையாது; அடுத்த தெருவுக்குப் போகும். கடைசியில் சங்கமும் இல்லாத, கேட் போடக் காசும் இல்லாத குடிசைப் பகுதிச் சந்தில் போய் நிற்கும். ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் நுழைய முடியாமல் போவதும் அங்கேதான்.

செய்ய வேண்டியது

பேசிக் கலைந்தால் போதாது. கைக்கு எட்டிய ஆயுதத்தை எடுக்க வேண்டும். எங்கேயாவது தெருவில் கேட்டோ சங்கிலியோ கண்டால், 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டி ஒரு மனுப் போடுங்கள். மூன்று கேள்வி போதும்: இந்தத் தெரு மாநகராட்சித் தெருவா? தான பத்திரம் எந்தத் தேதியில் பதிவாயிற்று? கேட் போட யார் அனுமதி கொடுத்தார்கள்? பதில் கையில் வந்ததும் வார்டு கவுன்சிலரிடம் போங்கள். தனியாகப் போகாதீர்கள், சேர்ந்து போங்கள். வீட்டு வேலை செய்யும் சகோதரிகள், ஆட்டோத் தொழிலாளர், கீரை, பூ, மீன் விற்பவர், சாப்பாடு கொண்டுபோகும் வாலிபர், வாட்ச்மேன்கள் எல்லோருக்கும் இதில் ஒரே நியாயம்.

நாம் கேட்பது இவைதான்:

ஒவ்வொரு வார்டிலும் எது பொதுத் தெரு, எது தனிப் பாதை என்று மாநகராட்சி பட்டியல் போட்டுப் பகிரங்கமாக ஒட்ட வேண்டும்.

பொதுத் தெருவில் உள்ள கேட், சங்கிலி, குழாய், தொட்டி யாவும் அகற்றப்பட வேண்டும். 2024 நவம்பர் அறிவிப்பு காகிதத்தில் உறங்கக் கூடாது.

தெருவில் ராப்பகலாகக் கார் நிறுத்துகிறவரிடம் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தில் நடைபாதையும் பொதுக் கழிப்பிடமும் கட்ட வேண்டும்.

2014ஆம் வருஷத்துத் தெரு வியாபாரிகள் சட்டப்படி வியாபாரக் குழு கூடி இடம் குறிக்காமல் ஒரு கூடையையும் தூக்கக் கூடாது.

மதில் சுவருக்கு உள்ளேயும் தொழிலாளிக்கு உட்கார இடம், குடிதண்ணீர், கக்கூஸ், எல்லோருக்கும் உள்ள அதே லிப்ட் கிடைக்க வேண்டும்.

தோழர்களே! மேய்ச்சல் நிலத்தை மிராசுதார் வேலி போட்டு வளைத்ததைக் கிராமத்தில் பார்த்தவர்கள் நீங்கள். மில் கேட் சாத்தியதும் நூறு அடுப்பு அணைந்ததைக் கண்டவர்கள் நீங்கள். பட்டணத்துத் தெருமுனைக் கேட்டும் அந்த வேலிக்கும் அந்தக் கேட்டுக்கும் உடன்பிறப்புதான். தெரு ஊருக்குப் பொது. அதில் நடக்க எவரிடமும் நாம் அனுமதி கேட்கப் போவதில்லை!